ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐரோப்பா

ஐரோப்பாவில் இருக்கும் நம்மூர் தம்பதிகளை உறவினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பார்க்கிறார்கள். போட்டோவில். பின்னால் ஒரு கோபுரம், பக்கத்தில் ஒரு ஆறு, கையில் ஐஸ்க்ரீம், இரண்டு பேருக்கும் ஒரே கலரில் ஜெர்க்கின். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு கும்பிடு போடுவார். அத்தை, 'கண்ணு பட்டுடப் போகுது, சுத்திப் போடுங்க' என்பாள். வருஷத்துக்கு 52 ஞாயிறு. மிச்சம் 313 நாளை யாரும் போட்டோ எடுப்பதில்லை. வெளிநாட்டு வேலையும் அதற்கேற்ற கல்யாணமும் ஒரே சமயத்தில் அமையப் போகிற தம்பிமார்கள் அந்த 313 நாளைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் டுஸ்ஸல்டார்ஃப் என்று ஒரு நகரம். நானும் என் மனைவியும் அங்கேதான் குப்பை கொட்டுகிறோம். நிஜமாகவே கொட்டுகிறோம், நாலு தொட்டியில். பேப்பருக்கு நீலம், பிளாஸ்டிக் பாக்கெட்டுக்கு மஞ்சள், காய்கறித் தோலுக்கு பிரவுன், எதிலும் சேராததற்குக் கறுப்பு. ஒரு டீ பை இருக்கிறதே, அதன் இலை ஒரு தொட்டி, காகிதத் துண்டு ஒரு தொட்டி. நூல்? முதல் மாதம் முழுக்க எங்கள் தாம்பத்தியத்தின் முக்கியப் பிரச்னை அந்த நூல்தான்.

அதற்கு முன்னால் வீடு கிடைக்க வேண்டும். இங்கே பல வாடகை வீடுகளில் கிச்சன் கிடையாது. அறை உண்டு, கிச்சன் இல்லை. காலி செய்துகொண்டு போகிறவர் அடுப்பு, மேடை, ஸிங்க், அலமாரி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். சில மகானுபாவர்கள் விளக்கையும் விடுவதில்லை. சுவரிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் நம்மைப் பரிதாபமாக எட்டிப் பார்க்கும். நம்மூர் சீர்வரிசையில் கிரைண்டர் வைப்பார்கள். இங்கே வருகிறவர்களுக்குக் கிச்சனையே வைக்க வேண்டும்.

குடி போன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் போய், 'இன்னார் இன்ன விலாசத்தில் இருக்கிறோம்' என்று பதிவு செய்தாக வேண்டும். செய்ததும் கொஞ்ச நாளில் வரவேற்பு மடல் மாதிரி ஒன்று வரும். பிரித்தால், ரேடியோ டி.வி. கட்டணம். டி.வி. இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. 2021 ஆகஸ்டில் அதை மாதம் 18 யூரோ 36 சென்ட் ஆக்கினார்கள்.

"நம்ம வீட்ல டி.வி.யே இல்லையேங்க?"

"காது இருக்கில்ல?" என்றேன்.

அந்தக் காதுகளுக்கு இங்கே ராஜ மரியாதை. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, புல் வெட்டும் மெஷினை ஓட்டக் கூடாது, காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் 'டமால்' என்று போடக் கூடாது. கடைகளும் மூடல். ஞாயிறு ஓய்வு நாள் என்று 1919 அரசியல் சாசனத்தில் எழுதியதை 1949 சாசனத்திலும் அப்படியே சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி பால் தீர்ந்துவிட்டால் ரயில் நிலையக் கடைக்கோ பெட்ரோல் பங்க்குக்கோ ஓடவேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை வரை கடுங்காப்பி.

சத்தம் போடக் கூடாது என்றால் புருஷன் பெண்டாட்டி எப்படிச் சண்டை போடுவது? நாங்கள் ஹாலிலிருந்து பெட்ரூமுக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறோம்.

நம்மூரில் சண்டை என்பது இரண்டு பேர் சமாசாரம் இல்லை. அம்மா ஒரு பக்கம் சாய்வாள். மாமனார் போனில் "மாப்ளே..." என்று இழுப்பார். பக்கத்து வீட்டு மாமி தயிருக்கு உறை மோர் கேட்கிற சாக்கில் எட்டிப் பார்ப்பாள். அவள் எட்டிப் பார்த்ததிலேயே பாதி சண்டை ஆறிவிடும். இங்கே மூன்றாவது மனுஷர் கிடையாது. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்றால் 7,000 கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் விலையைப் பார்த்ததும் கோபம் தணிந்துவிடும். தணிந்ததா, அடங்கியதா என்பது வேறு விஷயம்.

விஷயமே அதுதான். காலை எட்டு மணிக்கு நான் ஆபீஸ் போய்விடுவேன். அங்கே எல்லோரும் இங்கிலீஷ் பேசுகிறார்கள். மீட்டிங், கேன்டீன், காபி மெஷின் பக்கத்தில் அரட்டை என்று பொழுது போய்விடும். அவள்? கோயமுத்தூரில் வங்கி கவுன்ட்டரில் நாலு வருஷம் உட்கார்ந்தவள். வேலையை விட்டுவிட்டு வந்தவள். ஒரு நாள் சாயங்காலம், அன்றைக்கு முழுக்கத் தன்னோடு பேசியவர்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். பேக்கரிப் பெண்மணி, 'ஹலோ'. லிஃப்டில் ஒரு நாய்க்காரர், அவரும் 'ஹலோ'. மூன்றாவது, பார்சல் கொண்டு வந்த பையன். அதுவும் எங்கள் பார்சல் இல்லை, பக்கத்து வீட்டுப் பார்சல்.

இங்கே ஆள் இல்லாத வீட்டுப் பார்சலை ஆள் இருக்கிற வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பகல் முழுக்க அந்தக் கட்டடத்தில் இருக்கிற ஒரே ஜீவன் இவள்தான் என்று பையன்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வராந்தா குட்டி தபால் ஆபீஸ் ஆனது. சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போவார்கள். அப்படித்தான் மூன்றாம் மாடிப் பாட்டி சிநேகிதமானாள். அவள் கேக் கொண்டு வருவாள், இவள் கேசரி கொடுத்து அனுப்புவாள். பாஷை இல்லாமலே ஒரு மாசம் பேசினார்கள்.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ப்ளூ கார்டில் வருகிறவனுடைய மனைவி ஜெர்மன் பரீட்சை எழுதாமலே விசா வாங்கலாம், வந்த நாளிலிருந்தே வேலைக்கும் போகலாம். ஆனால் வேலை கொடுக்கிறவர் முதலில் கேட்பது பாஷை. அதற்கென்றே வெளிநாட்டுக்காரர்களுக்கு அரசாங்கம் ஒரு கோர்ஸ் வைத்திருக்கிறது. 600 மணி நேரம் பாஷை, 100 மணி நேரம் நாட்டுச் சட்டம், சரித்திரம். அவளே விசாரித்து, அவளே சேர்ந்தாள்.

ஜெர்மனில் ஆண்பால், பெண்பால், அஃறிணை மூன்றும் உண்டு. தர்க்கம்தான் கிடையாது. ஸ்பூன் ஆண், ஃபோர்க் பெண், கத்தி அஃறிணை. சிறுமி என்ற சொல்லும் அஃறிணை! "தொல்காப்பியர் கேட்டா தூக்கு மாட்டிப்பாருங்க" என்று சொல்லிவிட்டு விடிய விடியப் படித்தாள்.

அந்த நாட்களில்தான் அந்த ஆர்டர் பிறந்தது. "ஞாயித்துக்கிழமையாச்சும் எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க. கடையும் கிடையாது, சத்தமும் கூடாது. வீட்லயே உட்கார்ந்தா பைத்தியம் பிடிச்சிடும்." பெரியப்பா கும்பிடு போட்ட உல்லாசப் பயணங்களெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாத மருந்து.

மருந்து மலிவாகவும் கிடைத்தது. 2023 மே மாதம் ஜெர்மனி முழுக்கச் செல்லுகிற மாதச் சீட்டு ஒன்றை 49 யூரோவுக்குக் கொண்டு வந்தார்கள். 2025-ல் 58 ஆயிற்று, 2026-ல் 63. டவுன் பஸ், டிராம், உள்ளூர் ரயில் எல்லாவற்றுக்கும் அது போதும். எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறக் கூடாது, அவ்வளவுதான். புளியோதரைக்கு மெது வண்டிதான் சௌகரியம்.

முதலில் கொலோன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் முகத்துக்கு நேரே தேவாலயம், 157 மீட்டர். 1248-ல் ஆரம்பித்து 1880-ல் முடித்தார்கள். நடுவில் வேலை நின்று போய், தெற்குக் கோபுரத்தின் உச்சியில் வைத்த பாரந்தூக்கி முந்நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றதாம். நம்மூர் மேம்பால கான்ட்ராக்டர்கள் மேல் எனக்குத் திடீரென்று மரியாதை வந்தது. 533 படி ஏறினோம். மேலே போனதும், "மருதமலை படியே தேவலை. மேலே போனா முருகனாவது இருப்பாரு" என்றாள்.

அப்புறம் வுப்பர்டால். அங்கே ரயில் தண்டவாளத்தின் மேல் ஓடாது. ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு போகும். 1901-லிருந்து ஓடுகிறது, 13 கிலோமீட்டர். 1950-ல் ஒரு சர்க்கஸ் கம்பெனி விளம்பரத்துக்காக டூஃபி என்ற யானைக்குட்டியை அதில் ஏற்றினார்கள். குட்டி மிரண்டு, பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்துவிட்டது. பிழைத்தும் கொண்டது. நான் இந்தக் கதையைச் சொன்னதும் அவள் சிரித்தாள்.

"பாவம், அதுக்கும் இந்த ஊர் பிடிக்கலை போல."

நானும் சிரித்தேன். அப்புறம் நாலு ஸ்டேஷன் வரை இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஆகன் பக்கத்தில் ஃபால்ஸ் என்ற இடத்தில் ஒரு குன்று. உயரம் 322 மீட்டர். ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நிலத்தில் அதுதான் சிகரம் என்றால் அந்த நாட்டின் தட்டையைப் புரிந்துகொள்ளலாம். திருவண்ணாமலை இதைவிட இரண்டு பங்கு உயரம். இந்தச் சிகரத்தில் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் ஒரே கல்லில் சந்திக்கின்றன. 1920 வரை மோரெஸ்நெட் என்று நாலாவதாக ஒரு குட்டிப் பிரதேசமும் சந்தித்தது. போகிற வழியில் ஏதோ வாக்குவாதம். கல்லருகே வந்ததும் அவள் இரண்டடி நகர்ந்து நின்று, "நான் பெல்ஜியம் போயிட்டேன். நீங்க ஜெர்மனியிலயே இருங்க" என்றாள். கோபித்துக்கொண்டு போக இவ்வளவு பக்கத்தில் ஒரு வெளிநாடு இருக்கிறது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரு நிம்மதி.

கடைசியாக ஹாம். இந்த ஊரின் உவென்ட்ரோப் பகுதியில், தொழிற்பேட்டைக்கு நடுவில், திடீரென்று ஒரு தென்னிந்தியக் கோபுரம். இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில், 2002-ல் கும்பாபிஷேகம் ஆயிற்று. கோடைத் தேர்த் திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் கூடுவார்கள்.

அந்தத் திருவிழாவுக்குப் போகும்போதுதான், டார்ட்முண்டில் ரயில் நின்று ஒலிபெருக்கியில் ஏதோ கரகரத்தது. நான் புளியோதரையில் இருந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க! இந்த வண்டி இதுக்கு மேல போகாதாம். எதிர் பிளாட்பாரத்துல வேற வண்டி, நாலு நிமிஷம்தான்."

நான் இந்த நாட்டில் நாலு வருஷமாக இருப்பவன். அவள் எட்டு மாசம் கோர்ஸ் போனவள். ஓடிப் போய் ஏறினோம். பின்னால் இரண்டு ஜெர்மன் கிழவர்கள் அவளிடம் வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள்!

கோயிலில் அன்னதான வரிசையில் ஓர் அம்மா, "நீங்கள் எவ்விடம் பிள்ளை? எப்ப வந்தனீங்கள்?" என்று அவளை விசாரித்தார். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவராம். "முதல் ரெண்டு வருஷம் சுவரோடதான் கதைச்சனான். பிறகு பாஷை படிச்சன். பாஷை வந்தாப் பிறகுதான் பிள்ளை, ஊர் வந்தது" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வீட்டுக்கு வரும் கடிதங்களை அவள்தான் படித்து எனக்கு அர்த்தம் சொல்கிறாள். வேலைக்கு விண்ணப்பங்கள் போட ஆரம்பித்திருக்கிறாள். பார்சல் வாங்க இப்போதெல்லாம் வீட்டில் ஆள் இல்லை.

எனவே தம்பிமார்களே, பெண் பார்க்கப் போகும்போது கோபுரம், ஆறு போட்டோக்களைக் காட்டுங்கள், தப்பில்லை. கூடவே திங்கள் முதல் வெள்ளி வரை அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை, பேச யார் என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். அவளுடைய சர்ட்டிபிகேட்டுகளைச் சூட்கேஸில் புளிக்கு மேலே வையுங்கள். சோபா வாங்குவதற்கு முன்னால் பாஷை கோர்ஸில் பெயர் கொடுங்கள்.

கொடுக்கும்போது உங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் டார்ட்முண்டில், எல்லோரும் இறங்கிப் போன வண்டியில் புளியோதரையும் நீங்களும் மட்டும் உட்கார்ந்திருப்பீர்கள்.