பூணூலோடு ஓர் உயிர்த்தெழுதல்

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை வழியே கிரிவலம் போகிறவர்கள், நெருப்பே இங்கு மலையாகக் குளிர்ந்து நிற்பதாக நம்புகிறார்கள். நெருப்பு என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருபவர் நந்தனார்.

சேக்கிழாரின் பெரியபுராணக் கதை இதுதான்: ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தன் தில்லைக் கோயிலுக்குள் நுழைய வேண்டுமா? இந்தப் பிறவி போகத் தீயில் மூழ்கி வரட்டும். மூழ்கினார். எழுந்தவர் சடைமுடியும் பூணூலும் கொண்ட முனிவர். அந்தணர்கள் கைகூப்பினார்கள்.

இயேசுகூட ஆணித் தழும்புகளோடு அதே ஆளாகத்தான் எழுந்தார். நந்தனுக்கு அந்தச் சலுகையும் இல்லை. புலையன் சாம்பலானான்; சன்னதிக்குள் போனவர் வேறொருவர். இது உயிர்த்தெழுதலா, ஆள்மாறாட்டமா?

2023 ஜனவரி 30 அன்று, நம் மாவட்டத்தின் தென்முடியனூரில், அறநிலையத் துறையின் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனார்கள். ஏறத்தாழ 80 ஆண்டுகளாக மறுக்கப்பட்ட வாசல் அது. ஆட்சியரும் போலீசும் கூடவே வர வேண்டியிருந்தது. ஆனால் யாரும் தீயில் இறங்கவில்லை. யார் தோளிலும் பூணூல் முளைக்கவில்லை. தலித்தாகவே போனார்கள், தலித்தாகவே திரும்பினார்கள். அம்மனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

செத்துப் பிறந்து வரச் சொல்லும் பக்தி எங்களுக்கு வேண்டாம். உயிரோடு, இதே பெயரோடு, இதே சேரியிலிருந்து வருகிறோம். திருப்புன்கூரில் நந்தியே விலகியதாம். எழுந்து வழிவிட வேண்டியவர்கள் வாசலை மறித்து உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்தான்.