எரு எங்கிருந்து வருகிறது?

முப்பத்தைந்து வருடம் லெட்ஜர் பார்த்துப் பழகிய கண் எனக்கு. போன வருடம் என் மனைவிக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்தபோதும் அதை அப்படித்தான் படித்தேன். இடது பக்கம் பதினெட்டு ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் பெயர், எதிரே 'எஸ்' அல்லது 'ஆர்'. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும், ஆர் என்றால் கட்டுப்படாது. பதின்மூன்று ஆர்! வாராக்கடன் பட்டியல் மாதிரி இருந்தது. மாத்திரையில் முடிய வேண்டிய விஷயம், ஏழு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி போட்ட பிறகுதான் தீர்ந்தது. "அடிக்கடி ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவாங்களா சார்?" என்று டாக்டர் கேட்டார். தலைவலிக்கே சுக்குப் பற்று போடுகிறவள் அவள்.

அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீராக இருக்கலாம், கறியாக இருக்கலாம். நம் நிலத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "நிச்சயமாக நம் நிலத்திலிருந்து இல்லை" என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஆபத்தைப் பற்றி உலகத்துக்குச் சொன்னதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 2010-இல் லான்செட் குழும இதழில் என்டிஎம்-1 பற்றிய கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக்கட்ட மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் நொதி அது. அந்த ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது இருந்தது. நாம் என்ன செய்தோம்? பெயரில் 'நியூ டெல்லி' இருக்கிறது என்று சண்டை போட்டோம். 2012-இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் அதை முன்னின்று நடத்தினார். 2014 மார்ச்சில் ஹெச்1 பட்டியல் அமலுக்கு வந்தது. பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது அது. எல்லா மருந்துக்கடையும் எழுதுகிறதா என்பது வேறு கதை.

நமக்கு இன்னும் நெருக்கமானது கோலிஸ்டின். வேறு எதுவும் வேலை செய்யாத நோயாளிக்கு, சிறுநீரகம் கெடலாம் என்று தெரிந்தே கொடுக்கிற மருந்து. அதையே கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கலந்தார்கள். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், பன்றிகளிலும் இறைச்சியிலும் கோலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டு சொன்னார்கள். இந்த மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு வகைப் பாக்டீரியாவுக்கும் தாவும். ஒரு கிளையில் கடன் வாங்கித் தப்பித்தவன், பக்கத்துக் கிளைக்காரனுக்கும் வழி சொல்லிக் கொடுப்பது மாதிரி. இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைக்கும் கோழிக்கும் மீனுக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. அந்த ஆணையில் ஒரு மருந்துதான் தடை. மற்றவை?

வயலுக்கு வருவோம். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் கடைக்காரர் நீட்டுகிற சிறு பொட்டலம் ஸ்ட்ரெப்டோசைக்ளின். அதில் 90 பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், 10 பங்கு டெட்ராசைக்ளின். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிடமிருந்து எடுத்த மருந்து, காசநோயை அடக்கிய முதல் மருந்து. அதைத்தான் நாம் டேங்கில் கலந்து தெளித்தோம். விவசாயத்தில் இந்தக் கலவையை நிறுத்த 2021 டிசம்பரில் மத்திய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. ஆணைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இலைக்கருகலுக்கு 20 சதப் பசுஞ்சாணக் கரைசலை, நோய் தெரிந்ததும் ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை தெளிக்கலாம் என்று வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. தழைச்சத்தை அள்ளிக் கொட்டாமல் இருந்தாலே பாதி நோய் குறையும். நாற்றின் நுனியைக் கிள்ளி நடுவதையும் விட வேண்டும். காயத்தின் வழியாகவும் பாக்டீரியா நுழைகிறது.

இதுவரை படித்தவர்கள், "இதெல்லாம் வேதி விவசாயிகளுக்கு, நாம்தான் எதையும் தெளிப்பதில்லையே" என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மீஞ்சூர்ப் பக்கம் நிலம் களைத்துப் போனது. பட்டணத்துக்கு உறிஞ்சிய நிலத்தடி நீருக்குப் பதிலாகக் கடல் உள்ளே வந்து பல வருடமாகிறது. உப்பேறிய மண்ணுக்கு எரு எவ்வளவு போட்டாலும் போதாது. மூன்று மாடு வைத்திருக்கிற நான் எங்கே போவேன்? மூன்று வருடம் கோழி எருவை லாரியில் இறக்கினேன். விலை குறைவு, பயிர் கருகருவென்று வரும். யூரியா போடாததால் நான் இயற்கை விவசாயி. அந்தக் கோழி என்ன தின்றது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கொடுத்த மருந்தில் கணிசமான பகுதி எச்சத்தோடு வெளியே வருகிறது. மருந்துக்குப் பழகிய கிருமியும் கூடவே வருகிறது. அதைப் பச்சையாகக் கீரைப் பாத்தியில் போட்டு, அந்தக் கீரையை 'நஞ்சில்லா உணவு' என்று விற்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு மடிநோய் வந்து ஆன்டிபயாட்டிக் போட்டபோது, பாலை விற்கவில்லை என்று பெருமைப்பட்டேன். அந்தப் பாலை எருக்குழியில் ஊற்றினேன். சாணத்தை ஜீவாமிர்தத்துக்கு எடுத்தேன். நுண்ணுயிரியைப் பெருக்கத்தானே ஜீவாமிர்தம்? எதைப் பெருக்கினேனோ! "நாட்டு மாட்டுச் சாணத்தில் நல்ல நுண்ணுயிரி மட்டும்தான்" என்று நம் கூட்டங்களில் மேடையேறிச் சொல்கிறார்கள். மருந்து போட்ட மாட்டுக்கு நாட்டு மாடு, சீமை மாடு என்ற வித்தியாசம் கிடையாது. இப்படிப் பேசிப் பேசித்தான் நம்மைப் பரிசோதிக்க வருகிறவர்களை நாம் விரட்டிவிடுகிறோம்.

இப்போது மடிநோய்க்கு முதலில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறைதான்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, மடியைக் கழுவி, நாளைக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும். பொறுமை வேணும். மாடு காய்ச்சலில் படுத்துவிட்டால் கால்நடை மருத்துவர்தான், அதில் வீம்பு கூடாது. ஊசி போட்டால், மருந்துச் சீட்டில் பாலுக்குச் சொன்ன நாள் கணக்கையாவது சாணத்துக்கும் வைத்துத் தனியாகக் குவித்து மட்க விடுகிறேன். குவியல் நன்றாகச் சூடேறி, புரட்டிப் போட்டு மட்கினால் மருந்தும் கிருமியும் பெருமளவு குறையும். அடியோடு போகும் என்று சொல்ல மாட்டேன்.

நிபுணர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. மனிதர், கால்நடை, மண் மூன்றின் நலமும் ஒன்று என்று கருத்தரங்கில் சொல்கிறார்கள். அந்த அரங்கில் எரு இறக்குகிறவன் ஒருவனும் இருப்பதில்லை. எங்கள் எருக்குழியிலிருந்தும் ஜீவாமிர்த டிரம்மிலிருந்தும் மாதிரி எடுத்துப் போய், முடிவைத் தமிழில் சொல்லட்டும். பாதகமாக வந்தாலும் இந்த இதழில் அச்சிட வேண்டும். நம் இயக்கமும் சான்றுக்குப் பண்ணை பார்க்க வரும்போது, "என்ன உரம்?" என்பதோடு நிறுத்தாமல், "எந்தப் பண்ணை எரு, அங்கே என்ன மருந்து?" என்றும் எழுதி வாங்க வேண்டும். ஒரு பத்தி கூடுதல், அவ்வளவுதான்.

இந்த முறை லாரி வந்தபோது டிரைவர் தம்பியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "எருவுக்கெல்லாம் யாரு சார் இதைக் கேக்குறா?" என்று சிரித்தார். இறக்க வேண்டாம் என்று வண்டிச் சத்தத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த ஒன்றரை ஏக்கரில் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறேன், உப்பையும் தாங்கும். இப்போது இடுப்பளவு நிற்கிறது. பூ எடுக்கும் முன் மடக்கி உழ வேண்டும்.