பாம்பு கடித்ததா, கடிக்க வைத்தார்களா?

அரசு மருத்துவக் கல்லூரியில் தடயவியல் மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மார்ச்சுவரிக்கு வரும் உடல்களில் எங்களை எளிதாக ஏமாற்றிவிடக்கூடியது எது என்று கேட்டால், போலீஸ் விசாரணை அறிக்கையிலேயே 'பாம்புக்கடி' என்று எழுதி வரும் உடல்தான் என்பேன். காரணம் முன்கூட்டியே எழுதப்பட்ட சாவை யாரும் துருவிப் பார்ப்பதில்லை.

நல்ல பாம்பின் நஞ்சு நரம்பின் உத்தரவு தசைக்குப் போய்ச் சேரவிடாது. மூச்சிழுக்கும் தசைகள் ஓய்ந்து ஆள் போய்விடுவார். உடலை அறுத்துப் பார்த்தால் உறுப்புகளில் இரத்தத் தேக்கம் தெரியும். வேறு காரணத்தால் மூச்சுத் திணறி இறந்தவரிடமும் அதேதான் தெரியும். கண்ணாடி விரியனாவது இரத்தம் உறைவதைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் கெடுத்து, தடம் விட்டுப் போகும். கட்டுவிரியன் இருக்கிறதே, தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடித்தால் அவருக்கே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து உட்காருவார். பல் பட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ராத்திரி சோறு போட்டவர் தலையில் பழி விழுவதும் உண்டு.

ஆக, இங்கே கத்தியைவிட ஸ்கேல் முக்கியம். கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் 2020 மே மாதம் 25 வயதுப் பெண் ஒருவர் படுக்கையிலேயே நல்ல பாம்பு கடித்து இறந்தார். மார்ச்சில்தான் விரியன் கடித்துப் பிழைத்து, தாய்வீட்டுக்கு வந்திருந்தார். துரதிர்ஷ்டம் என்று கோப்பை மூடியிருக்கலாம். பெற்றோர் விடவில்லை.

கையில் இரண்டு கடிகள். பல் தடங்களின் இடைவெளி 2 செ.மீ.க்கு மேல், ஒன்றில் 2.8. அவரைக் கடித்த பாம்பின் அளவுள்ள நல்ல பாம்பு தானாகக் கடித்தால் ஏறத்தாழ 1.7 செ.மீ.தான் வரும். இதைச் சும்மா சொல்லவில்லை. அரிப்பா வனப் பயிற்சி மையத்தில் பொம்மையின் கையில் கோழி இறைச்சியைக் கட்டி, உயிருள்ள நல்ல பாம்பைக் கடிக்க வைத்துப் பார்த்தார்கள். தலையைப் பிடித்து அழுத்தியபோது பற்கள் அகன்று பதிந்தன. அந்தப் பெண்ணைக் கடித்து, பிறகு புதைக்கப்பட்ட பாம்பையும் தோண்டியெடுத்துச் சோதித்தார்கள். பெண்ணின் உள்ளுறுப்பு மாதிரிகளில் தூக்கம் தரும் மருந்தின் தடயம் கிடைத்தது. வலிக்கும் கடிக்கு அந்தப் பெண் ஏன் துள்ளி எழவில்லை என்ற கேள்விக்கு அதுதான் பதில். பாம்பைக் கடிக்க வைத்துக் கொன்றது கணவன்தான் என்று முடிவாகி, 2021 அக்டோபரில் அவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை.

இதைத் தடய அறிவியலின் வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். பெற்றோர் சும்மா இருந்திருந்தால் அந்த ஸ்கேலுக்கு வேலையே வந்திருக்காது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்பது 2000 முதல் 2019 வரையிலான மரணங்களை வைத்துப் போட்ட மதிப்பீடு. இத்தனை பெரிய கூட்டத்துக்குள் ஒரு கொலை ஒளிந்துகொள்வது சிரமமா?

தாலுகா மருத்துவமனையில் நடப்பது வேறு கதை. டியூட்டி டாக்டருக்கு வெளியே ஓ.பி. வரிசை, வாசலில் ஆம்புலன்ஸ், "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க சார்" என்று உறவினர்கள். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, படிவம்தான் அவரைக் கேட்க வேண்டும். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்ல முடிவு. அதோடு பாம்புக்கடி சாவு ஒவ்வொன்றிலும் பல் தட இடைவெளி, ஸ்கேல் வைத்து எடுத்த படம், கடித்த இடத்துத் தோல் மாதிரி, கடிபட்டவர் எங்கே எப்படிப் படுத்திருந்தார் என்ற விவரம் ஆகிய நான்கையும் பிரேதப் பரிசோதனைப் படிவத்தில் கட்டாயமாக்க வேண்டும். இரசாயனப் பரிசோதனையில் தூக்க மருந்தையும் தேடச் சொல்ல வேண்டும். முடிவு வரும்வரை 'கருத்து நிலுவையில்' என்று எழுதும் டாக்டரை மேலதிகாரி போனில் விரட்டக் கூடாது.