கவனிப்பாரற்ற பொசுபேற்று

வற்றாத ஆறு இல்லாத யாழ்.குடாநாட்டுக்குச் சுண்ணாம்புக்கற் பாறையில் தேங்கும் மாரிமழையே குடிநீர். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை குறித்து 2014-15 இல் எழுந்த கொந்தளிப்பை எவரும் மறந்திரார். ஆனால், கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படாத மாசு அதற்கு முன்பிருந்தே சேர்ந்து வருகின்றது.

நைத்திரேற்றுக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்துள்ளது. வலிகாமத் தோட்டக் கிணறுகள் பல அதனைத் தாண்டியமை ஆய்வுகளில் பதிவானது. அதே பசளையிலும் மலக்குழியிலுமிருந்து வரும் பொசுபேற்றுக்கு அந்நிறுவனம் எல்லை வகுக்கவில்லை. குடிப்பவரை அது நேரடியாகத் தாக்குவதில்லை. சுண்ணாம்புக்கல்லும் அதனைப் பிடித்துவைக்கும். இதனாலேயே அது கவனிப்பாரற்றுப் போயிற்று போலும்.

பிடித்துவைப்பதற்கும் அளவுண்டு. செம்மண் படை மெல்லியதாயுள்ள இடங்களில் கழிவுநீர் பாறை வெடிப்புகளினூடே நேரே இறங்கிவிடும். அந்நீர் ஊறிச்சேரும் கேணியிலும் கடனீரேரியிலும் பாசி பெருகச் சொற்ப பொசுபேற்றே போதும். பாசி அழுகினால் நீரின் ஒட்சிசன் குன்றி மீன்கள் மடியும். சில நீலப்பச்சைப் பாசிகள் நஞ்சும் சுரக்கும்.

கிணற்றில் பொசுபேற்று கூடுவது மலக்கழிவு கலந்ததற்கான அறிகுறியாகவும் இருக்கலாம். 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் மீளக்குடியேறிய சோனகத்தெரு உள்ளிட்ட நெருக்கமான நகரப்பகுதிகளில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் குழாய்நீரைத் தரலாம். தோட்டத்துக்கு இறைப்பது கிணற்றிலிருந்தே. மண்ணைப் பரிசோதித்த பின்னரே பொசுபேற்றுப் பசளை இடவும், மலக்குழிகளின் அடித்தளத்தைச் சீமெந்தால் மூடவும் உள்ளூராட்சிச் சபைகளும் விவசாயத் திணைக்களமும் வழிகாட்ட வேண்டும். கிணற்றுநீர்ப் பரிசோதனை முடிவுகள் கிராம அலுவலர் பிரிவுவாரியாக மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும்.