வளையமும் விமானப் பயணமும்

விடுமுறைக் காலம் நெருங்கிவிட்டால் பயணப் பெட்டிகள் பரணிலிருந்து கீழே இறங்குகின்றன. பெரியோர் துணிமணிகளை அடுக்கிக் கொண்டிருக்கையில், சிறுவர் தமக்கு உயிரான ஏதேனும் ஒரு பொருளைக் கொண்டுவந்து பெட்டியருகே வைக்கின்றனர். அது பந்தாயின் காற்றை இறக்கிவிடலாம். பொம்மையாயின் துணிகளுக்கிடையே செருகிவிடலாம். இடுப்பில் சுழற்றி ஆடும் ஹூலா ஹூப் வளையமாயின் என்ன செய்வது? சிறிய செய்திதான், எனினும், விமான நிலையத்தில் குழந்தையின் கண்ணீருக்கும் பெற்றோரின் மனத்தாங்கலுக்கும் காரணமாகக் கூடிய செய்தி. ஆகவே இம்மாதம் அதனைப் பற்றிச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

வளையம் சுழற்றுதல் இன்று நேற்றுத் தோன்றிய விளையாட்டன்று. பிரம்பாலும் மூங்கிலாலும் வளையம் செய்து பல நாட்டுச் சிறுவர் ஆடி வந்துள்ளனர். அமெரிக்காவின் வாம்-ஓ நிறுவனத்தார் 1958-ஆம் ஆண்டில் அதனைப் பிளாஸ்டிக்கினால் செய்து விற்கத் தொடங்கியபோது அது உலகெங்கும் பரவிற்று. ஹூலா என்பது ஹவாய்த் தீவுகளின் நடனத்துக்குரிய பெயர். பின்னர் 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவில் தாளலயச் சீருடற்பயிற்சி முதன்முறையாக இடம் பெற்றபோது, வளையம் ஒலிம்பிக் அரங்கிலும் சுழன்றது. ஆகவே நம் வீட்டுச் சிறுமி வைத்திருப்பது விளையாட்டுப் பொருளாகவும் இருக்கலாம். நாள்தோறும் பயின்று போட்டிக்குச் செல்லும் ஒரு மாணவியின் கருவியாகவும் இருக்கலாம். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக் கொள்வது நலம்.

போட்டிக்குரிய வளையத்தின் உள் விட்டம் 80 முதல் 90 சென்டிமீட்டர் வரை. எடை 300 கிராமுக்குக் குறையலாகாது. ஒரு சோடிக் காலணியின் எடைகூட இராத பொருள் என்று நாம் நினைக்கிறோம். "இது என்ன கனமா? இதற்குப் போய்த் தடையா?" என்று வினவுகிறோம். இங்குதான் நம் எண்ணம் வழி தவறுகிறது. விமானத்தில் எடைக்கு ஒரு கணக்கு உண்டு. இடத்துக்கு மற்றொரு கணக்கு உண்டு. வளையம் முன்னதில் தேறுகிறது, பின்னதில் தோற்றுவிடுகிறது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். விமானத்தின் அடிப்பகுதியில் செல்லும் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் சேர்ந்து 158 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது எனப் பல நிறுவனங்கள் வரையறுத்துள்ளன. கையோடு கொண்டு செல்லும் பைக்கு அத்தொகை பெரும்பாலும் 115 சென்டிமீட்டர் அளவினதே. 90 சென்டிமீட்டர் வளையத்துக்கு நீளம் 90, அகலம் 90, பருமன் 2, ஆக 182. இரண்டு வரம்புகளையும் அது கடந்துவிடுகிறது. வளையத்தின் நடுவே வெற்றிடந்தானே என்று வாதிடுவது பயன் தராது. இருக்கைகளுக்கு மேலுள்ள பேழையில் அது அடங்காது. நடைபாதையிலோ இருக்கையருகிலோ வைத்தால், இடர் நேரும் வேளையில் பயணிகள் விரைந்து வெளியேறுவதற்கு இடையூறாகும். ஆகவே விதியைச் சுட்டிக்காட்டும் பணியாளர் மேல் சினம் கொள்வது முறையன்று.

அப்படியாயின் வழி என்ன? முதல் வழி, துண்டு துண்டாகக் கழற்றி மாட்டக்கூடிய வளையம். 90 சென்டிமீட்டர் வளையம் ஆறு துண்டுகளாகப் பிரியுமாயின், ஒவ்வொரு துண்டும் முனைக்கு முனை ஏறத்தாழ 45 சென்டிமீட்டரே இருக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வாழைச் சீப்புப் போல் அடங்கி, சாதாரணப் பெட்டிக்குள் துணிகளோடு சென்றுவிடும்.

இரண்டாம் வழி, ஒரே இணைப்பு உள்ள, வளைந்து கொடுக்கும் குழாய் வளையம். இணைப்பைக் கழற்றி, குழாயை இரண்டு சுற்றாகச் சுருட்டிக் கட்டினால் விட்டம் பாதியாகும். ஊர் சேர்ந்தவுடன் கட்டவிழ்த்துவிட வேண்டும். நெடுநாள் சுருண்டே கிடந்தால் குழாய் அவ்வளைவிலேயே நின்றுவிடும். போட்டி வளையத்தை இவ்வாறு சுருட்டலாகாது. உருக்குலைந்த வளையம் நேராக உருளாது, எறிந்தால் எண்ணியபடி கைக்குத் திரும்பாது. அதற்கு மூன்றாம் வழியே உகந்தது. தட்டையான வட்டப் பையில் பல வளையங்களை ஒன்றாகக் கட்டி, அளவில் பெரிய பொருளாக ஒப்படைத்துவிடலாம். சில நிறுவனங்கள் விளையாட்டுக் கருவிகளுக்குச் சலுகை தருகின்றன. சில கூடுதல் கட்டணம் கேட்கின்றன. பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டறிந்து, விடையை எழுத்தில் பெற்றுக் கொள்வது அறிவுடைமை. வழியில் வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு மாற வேண்டியிருப்பின், அவர்களிடமும் கேட்பது இன்றியமையாதது.

வேறு சில எச்சரிக்கைகளும் உள. கனத்துக்காக நீர் நிரப்பிய வளையத்தைப் பயணத்துக்கு முன் வெறுமையாக்கிவிட வேண்டும். விளக்கு எரியும் வளையமாயின் அதனுள் லித்தியம் மின்கலம் இருக்கக் கூடும். தனியே எடுத்துச் செல்லும் மாற்று மின்கலங்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தல் கூடாது.

இறுதியாக, எல்லாவற்றினும் முதன்மையான ஒன்று. வெறும் விளையாட்டு வளையமாயின், அதனை வீட்டிலேயே விட்டுச் செல்வதுதான் பலருக்கும் எளிய தீர்வு. ஆனால் அத்தீர்வைக் குழந்தை எங்கே, எப்போது அறிந்து கொள்கிறது என்பதே வினா. "அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளலாம், விட்டுவிடுவார்கள்" என்று சொல்லி அழைத்துச் சென்று, வரிசையில் நிற்கும் அனைவர் முன்னிலையிலும் அதன் கையிலிருந்து வளையத்தைப் பறிக்கும் நிலை வேண்டவே வேண்டாம். அக்குழந்தை இழப்பது வளையத்தை மட்டுமன்று. பெற்றோர் சொல்லின் மேல் கொண்ட நம்பிக்கையிலும் ஒரு பகுதியை இழக்கிறது. மாறாக, பயணத்துக்குப் பல நாள் முன்னரே அளவு நாடாவைக் குழந்தையின் கையிலேயே கொடுப்போம். அதுவே அளக்கட்டும், அதுவே கூட்டிப் பார்க்கட்டும். 182 என்பது 158-ஐ விடப் பெரிது என்று தானே கண்டறிந்த குழந்தை, அம்முடிவைப் பெரியோரின் பிடிவாதம் என்று கருதாது. வளையத்தை வீட்டில் பத்திரமாக எங்கே மாட்டி வைப்பது என்று அதுவே இடமும் தேடும். பெட்டி கட்டும் வேலையில் பிள்ளைகளையும் பங்காளிகளாக்குவோம். பயணம் வீட்டுவாசலிலேயே இனிதாய்த் தொடங்கிவிடும்.