ஒரு நாள் மலரும் ஓயாத கிழங்கும்

காலையில் விரிந்து மாலைக்குள் வாடிவிடும் மலரொன்றை இம்மாதம் உங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். ‘டிக்ரிடியா பவோனியா’ என்பது அதன் பெயர். மெக்ஸிகோவும் அதன் தென்புறத்து அண்டை நாடுகளும் அதன் தாயகம். ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, நாம் நன்கறிந்த குங்குமப்பூவிற்கு உறவு. வாள் போன்ற இலைகளின் நடுவே எழும் தண்டில் மூன்று பெரிய இதழ்கள் சிவப்பாகவோ, மஞ்சளாகவோ, வெண்மையாகவோ விரியும். நடுவிலுள்ள குழிவில் புள்ளிகள் நிறைந்திருக்கும்.

அப்புள்ளிகளைக் கண்ட அஸ்டெக் மக்கள், ஜாகுவார் என்னும் சிறுத்தையின் பெயரால் இதனை ‘ஓசெலோஷோச்சிட்ல்’ என்று அழைத்தனர். மண்ணுள் மறைந்துள்ள கிழங்கிற்கோ ‘கக்கோமிட்ல்’ என்று தனிப்பெயர். அதனைச் சுட்டு உண்டனர். கண்ணுக்கு விருந்தளித்த செடியே அவர்களது பசியையும் ஆற்றிற்று.

1570-ஆம் ஆண்டில் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப், பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் என்னும் மருத்துவரை மெக்ஸிகோவின் மூலிகைகளை ஆராய அனுப்பினார். 1577-இல் தாயகம் திரும்பும் வரை அவர் அந்நாட்டு வைத்தியர்களிடம் கேட்டறிந்து, அந்நாட்டு ஓவியர்களைக் கொண்டு வரைவித்து, ஏறத்தாழ 3,000 செடிகளின் விவரங்களைத் தொகுத்தார். நம் சிறுத்தை மலரும் அவற்றுள் ஒன்று. அரிய அவ்வோவியத் தொகுதிகள் எஸ்கோரியல் மடத்து நூலகத்தில் பாதுகாக்கப்பட்டன. அந்தோ! 1671-இல் அங்கு மூண்ட தீ அவற்றை விழுங்கிற்று.

ஆயினும் அந்த அறிவு முற்றும் அழியவில்லை. அத்தொகுதியிலிருந்து முன்னரே சுருக்கி எழுதப்பட்ட பிரதியொன்று, 1651-இல் உரோமையில் நூலாக அச்சேறியிருந்தது. ஓரிடத்தில் பூட்டி வைத்தது சாம்பலாயிற்று. பிறர் கைக்குச் சென்றது பிழைத்தது.

இம்மலரின் வாழ்வும் அவ்வாறே. இன்றைய மலர் மாலையில் சுருங்கினும், அதே தண்டில் மற்றொரு மொட்டு பின்னர் விரிகிறது. தண்டும் காய்ந்தபின் கிழங்கு மண்ணுள் காத்திருந்து, அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் துளிர்க்கிறது.

நம் இல்லங்களிலும் இலையும் வேரும் கிழங்கும் அறிந்த பாட்டிமார் உள்ளனர். அவர்கள் அறிந்தவற்றுள் பெரும்பகுதி எந்நூலிலும் ஏறாதது. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே பிள்ளைகள் அருகமர்ந்து கேட்கட்டும்; கேட்டதை ஏட்டில் எழுதட்டும்; எழுதியதை அடுத்த வீட்டாருக்கும் சொல்லட்டும்.