மருந்தைக் கைவிடலாமா?

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் வழங்கும் வியாதி, கால் நூற்றாண்டுக்கு முன்வரை வந்தவரைச் சில ஆண்டுகளில் கொண்டுபோய்விடும் வியாதியாகவே இருந்தது. இன்று அதற்கு அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரை ஒன்று இருக்கிறது. இமாட்டினிப் என்பது அதன் பெயர். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தைத் தவறாமல் உட்கொள்பவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ்ந்து, தறியிலும் தோட்டத்திலும் வேலை பார்க்கக்கூடிய நிலையில் இருக்கின்றனர். அப்படியிருந்தும், இந்த மாத்திரையை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. காலையில் கண்ணிமை வீங்குகிறது. பல் விளக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறது. மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அண்டை வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். மாத்திரைப் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது.

நூல் விலையும் உர விலையும் பேசவேண்டிய பத்திரிகையில் இதைப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். மேனாடுகளில் அறுபதை ஒட்டிய வயதினரிடம் மிகுதியாகத் தோன்றும் இவ்வியாதி, நம் நாட்டில் முப்பது நாற்பது வயதினரிடமே அதிகம் காணப்படுகிறது. குடும்பத்தின் பாரத்தைச் சுமக்கும் வயது அது. சங்கத்தில் கடன் பெற்றவரும், சங்கத்துக்குச் சேலை நெய்து கொடுப்பவரும், கீரமங்கலம் சந்தைக்குப் பூ அனுப்புபவரும் அந்த வயதினரே. ஆகையால் இது சங்கத்தின் விஷயந்தான் என்பது நமது அபிப்பிராயம்.

இம்மருந்து ஏழைகளின் கைக்கு எளிதில் வந்துவிடவில்லை என்பதையும் நினைவூட்ட விரும்புகிறோம். நோவார்ட்டிஸ் என்னும் சுவிட்சர்லாந்துக் கம்பெனி, இதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கோரி 1998ஆம் ஆண்டில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனுச் செய்தது. அந்தக் கம்பெனியின் மாத்திரை ஒரு மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் ஆயிற்று. நம் நாட்டுக் கம்பெனிகள் செய்த அதே மருந்து எட்டாயிரம் பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. 2006ஆம் ஆண்டில் சென்னை அலுவலகம் மனுவை நிராகரித்தது. கம்பெனி விடவில்லை. சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று வழக்கு நடந்து, இறுதியில் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. புற்றுநோயாளிகளுக்காகப் பாடுபடும் சங்கங்களும் அந்த வழக்கில் நின்று வாதாடின. இன்று அரசு மருத்துவமனைகளின் மூலமும் காப்பீட்டுத் திட்டத்தின் மூலமும் பலர் விலை கொடாமலே இம்மருந்தைப் பெறுகின்றனர். இவ்வளவு போராடிப் பெற்றதை ஒரு கண் வீக்கத்துக்குப் பயந்து பரணில் போடுவது நியாயமா?

வீக்கம் ஏன் வருகிறது என்பதை அறிந்துகொண்டால் பயம் பாதி நீங்கும். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இரு ஆராய்ச்சியாளர்கள், இவ்வியாதி கண்டவர்களின் இரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டனர். அந்தக் கோளாற்றினால் உண்டாகும் ஒரு புரதமே வெள்ளணுக்களைக் கட்டுக்கடங்காமல் பெருக்குகிறது. இமாட்டினிப் அதை அடக்குகிறது. அதனுடன் உறவுடைய வேறு சில புரதங்களையும் அது ஓரளவு தடுத்துவிடுவதால், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து சதையில் தங்குகிறது. காலையில் கண்ணைச் சுற்றியும், மாலையில் கணுக்காலிலும் வீக்கம் தெரியும். மிகப் பலருக்கு வருவது இது, பெரும்பாலோருக்கு அபாயமற்றது.

குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் மிதிப்பவருக்குக் கால் வீக்கம் மற்றவரைவிடச் சற்று அதிகமாகவே தெரியும். ஒரு மணிக்கு ஒரு தரம் எழுந்து நடப்பதும், பகலில் சிறிது நேரம் காலை உயர்த்திப் படுப்பதும், இரவில் தலையைச் சற்று உயர்த்திவைத்து உறங்குவதும் உதவும். இவற்றைக் காட்டிலும் முக்கியமானது உப்பு. நம் வீடுகளில் உப்பு என்றால் குழம்பில் போடும் உப்பை மட்டுமே நினைக்கிறோம். கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் வரும் கருவாடு, அப்பளம், வற்றல், மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய் ஆகியவை எல்லாம் உப்பின் வேறு உருவங்களே. பழைய சோற்றுக்கு ஊறுகாய் இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் சமாதானம் இல்லை. சின்ன வெங்காயத்தைத்தான் சிபார்சு செய்ய முடியும்.

வீக்கத்துக்கு அஞ்சிக் குடிநீரைக் குறைப்பது தவறு. இமாட்டினிப் மாத்திரையை உணவோடும், ஒரு பெரிய குவளை நிறையத் தண்ணீரோடும் உட்கொள்ள வேண்டும் என்பதே விதி. இல்லாவிடில் வயிற்றைப் புரட்டும். நெருஞ்சில் கஷாயம் நீரை இறக்கும் என்று கேட்டுத் தாமாகவே அருந்தத் தொடங்குவதும் கூடாது. நீர் இறங்க மருந்து அவசியமானால் வைத்தியரே கொடுப்பார்.

அபாயமற்ற வீக்கத்துக்கும் அபாயமான வீக்கத்துக்கும் வேற்றுமை காட்டுவது எடை. ஒரு வாரத்துக்குள் இரண்டு கிலோ ஏறினால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வறட்டு இருமல், மூச்சுத் திணறல், மல்லாந்து படுக்க முடியாமை ஆகியவை தோன்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாசாட்டினிப் என்னும் மற்றொரு மருந்து உண்போர் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும்; அது நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கச் செய்வதுண்டு.

இரத்தக் கசிவின் கதை வேறு. இரத்தத்தை உறையச் செய்பவை தட்டணுக்கள். ஆரோக்கியமானவருக்கு இவை ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்கும். மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் நோயுற்ற அணுக்கள் அழிந்து, அவை பிடித்திருந்த இடத்தில் நல்ல அணுக்கள் மீண்டும் முளைக்கும் வரையில், தட்டணுக்கள் குறையக்கூடும். பழைய பயிரை அழித்த வயலில் புதுப் பயிர் தலையெடுக்கும் வரை தரை தெரிவது போன்றது இது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கே இது ஓர் அடையாளமாகவும் இருக்கலாம். ஆனால் எண்ணிக்கை எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதுதான் அபாயம். ஆகவே முதல் மாதம் வாரந்தோறும், இரண்டாம் மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு வைத்தியர் கூறும் இடைவெளியிலும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தட்டணுக்கள் ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் வைத்தியர் மருந்தைச் சில நாள் நிறுத்திவைப்பார். எழுபத்தையாயிரத்தைத் தாண்டியதும் மறுபடி தொடங்குவார். இது கணக்குப் பார்த்து நிறுத்துவது. நாமாக நிறுத்துவது வேறு. அதற்குக் கணக்கும் இல்லை, மறுபடி தொடங்கும் நாளும் இல்லை. இலண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், பத்து மாத்திரைகளில் ஒன்பதுக்கு மேல் தவறாமல் உண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வியாதி நன்கு அடங்கியது. அதற்குக் குறைவாக உண்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக்கூட அப்படி அடங்கவில்லை.

அறந்தாங்கிப் பக்கத்திலும் ஆலங்குடிப் பக்கத்திலும் நம்மவர்களிடம் உள்ள ஒரு பழக்கத்தை இங்கே கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. உடம்பு வலி என்றால் மருந்துக் கடையில் பெயர் தெரியாத இரண்டு மாத்திரை. அதிலும் தீராவிட்டால் இடுப்பில் ஓர் ஊசி. இமாட்டினிப் உண்பவருக்குக் கெண்டைக்கால் குரக்கு வலி சாதாரணமாக வரும். தறி மிதித்ததால் வந்த வலி என்று எண்ணி அவரும் கடைக்குப் போகிறார். அங்கே கொடுக்கப்படும் டைக்ளோபெனாக், இபுபுரூபன், ஆஸ்பிரின் முதலியவை தட்டணுக்களின் வேலையைக் கெடுத்து வயிற்றில் இரத்தம் கசியச் செய்யக்கூடியவை. எண்ணிக்கை குறைந்திருக்கும் வேளையில் சதையில் போடும் ஊசி, உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளச் செய்யும். டாசாட்டினிப் உண்பவருக்கோ, எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தட்டணுக்கள் மந்தமாக வேலை செய்வதுண்டு. அது மட்டுமன்று, வாயுத் தொல்லைக்கென்று எல்லோரும் விழுங்கும் அமிலம் குறைக்கும் மாத்திரை, டாசாட்டினிப் உடம்பில் சேர்வதையே தடுத்துவிடும். எந்த மாத்திரையானாலும், தாம் உண்ணும் புற்றுநோய் மருந்தின் சீட்டைக் காட்டாமல் வாங்கலாகாது. இருதயத்துக்காக ஆஸ்பிரின் உண்பவர்கள் அதையும் தாமாக நிறுத்தாமல் இரு வைத்தியர்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை சாமானியமானவை. வேப்பங்குச்சியை வைத்துவிட்டு மிருதுவான பிரஷ் கொள்ளலாம். அருவாளும் களைக்கொத்தும் எடுக்கும் வேலையை எண்ணிக்கை தேறும்வரை வீட்டில் மற்றவர் பார்க்கலாம். வரப்பில் செருப்பின்றி நடக்க வேண்டாம். காயம் பட்டால் காப்பித் தூளையும் சுண்ணாம்பையும் அப்பாமல், சுத்தமான துணியால் பத்து நிமிஷம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். மூக்கில் இரத்தம் வந்தால் அண்ணாந்து படுப்பது நம் வழக்கம், அது தவறு. உட்கார்ந்து, தலையை முன்னே சாய்த்து, மூக்கின் மிருதுவான பாகத்தைப் பிடித்து அழுத்தி, வாயால் மூச்சு விட வேண்டும். கால் மணியில் நிற்காவிடில் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். தோலில் கேழ்வரகு சிதறினாற் போன்ற சிவப்புப் புள்ளிகள், மாதவிடாயில் மிகுந்த போக்கு ஆகியவை கண்டால் இரத்தப் பரிசோதனையை மறுநாளைக்குத் தள்ள வேண்டாம். மலம் கருத்துப் போதல், சிறுநீர் சிவத்தல், தலையில் அடிபட்ட பின் தலைவலியும் வாந்தியும் ஆகியவற்றுக்கு 108 வண்டியை அழைக்க வேண்டும். டெங்குக் காலத்தில் பழகிய பப்பாளி இலைச் சாற்றை நம்பி ஒரு வாரத்தைக் கழிப்பது வீண்.

இவையெல்லாம் சொல்ல எளிது. ஊரில் நடக்காமல் போவதற்குக் காரணம் வேறொன்று இருக்கிறது. புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டார் மறைக்கின்றனர். பெண்ணுக்குச் சம்பந்தம் தட்டிப்போகும், தறி கொடுக்கமாட்டார்கள், பந்தியில் ஒதுக்குவார்கள் என்ற அச்சம். இந்நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று; பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வழிவழியாக வருவதுமன்று. மறைப்பதனால், ஊசி போடுகிறவருக்கும் தெரிவதில்லை, பல் பிடுங்குகிறவருக்கும் தெரிவதில்லை. வீங்கிய முகத்தைப் பிறர் கேட்பார்களே என்று கூசியே மருந்தை நிறுத்தும் பெண்கள் இருப்பார்கள் என்பதை நாம் உணர வேண்டும்.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை மறைத்துவைக்காமல், ஊரெங்கும் நிதி திரட்டி 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நிறுவினார். அக்காலத்தில் நம் ஜில்லாக்காரர் எதற்கும் சென்னைக்கே ஓட வேண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டில் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டுவிட்டது. இரத்த அணுக்களை எண்ணும் சாதாரணப் பரிசோதனைக்குத் தூரம் இனி ஒரு சாக்காகாது. பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியுமே சாக்கு. இவ்விரண்டையும் தீர்க்கச் சங்கத்தால் முடியும்.

வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நம் அங்கத்தினர்கள் இதை எழுப்ப வேண்டுகிறோம். மருந்து உண்ணும் அங்கத்தினருக்குப் பரிசோதனை நாட்களில் பயணச் செலவை வட்டியில்லாக் கைக்கடனாகக் கொடுக்கலாம். எண்ணிக்கை குறைந்த வாரங்களில் தறிக்குப் பதிலாகத் தார் சுற்றும் வேலை கொடுத்து, தறியை வேறொருவருக்கு மாற்றாமல் வைத்திருக்கலாம். நூலும் கூலியும் பட்டுவாடா செய்யும் நாளில் விரும்பியவர்கள் எடை பார்த்துத் தம் சொந்த நோட்டில் குறித்துக்கொள்ள வசதி செய்யலாம். யார் எதற்காக நிறுத்துக்கொள்கிறார் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை, எல்லோருமே நிறுத்துக்கொள்ளலாம். உர மூட்டை நிறுக்கும் எடைமேடை இதற்கு உதவாது. அது அரைக் கிலோ வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது. ஆளை நிறுக்கும் இயந்திரம் ஒன்று தனியே வாங்க வேண்டும். அதற்கு ஆகும் தொகை, நமது ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பந்தல் போடும் செலவைவிடக் குறைவு.